கண்ணீரும் உத்தியோகமும்

ஹோமியோபதிப் பெட்டி இருந்த வீடுகள் நம்மில் பலருக்குத் தெரியும். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், அவற்றில் இனிப்பு உருண்டைகள், பக்கத்தில் அட்டை கிழிந்த ஒரு மெட்டீரியா மெடிகா. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதைப் புரட்டிப் புரட்டித் தெருவுக்கே வைத்தியராகிவிடுவார். வங்காளத்து வித்யாசாகரும் தாகூரும்கூட இப்படி அக்கம்பக்கத்தாருக்கு மருந்து கொடுத்துப் பார்த்தவர்கள்தான். ஆகவே அந்தப் புத்தகத்தைப் பற்றி நாவல் எழுதுகிறவன் ஒருவன் அபிப்பிராயம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது என்று நினைக்கிறேன். வைத்தியமாக அதை எடை போட்டவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் சொன்னதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அதைப் பாத்திரப் படைப்பாகப் படித்துப் பார்க்கலாம். ஏனென்றால், அது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மற்ற வைத்திய நூல்களில் நோய் இருக்கும், மருந்து இருக்கும், மனிதன் இருக்கமாட்டான். இங்கே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மனிதன், பெரும்பாலும் ஒரு மனுஷி, இருக்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும், எந்த நேரத்தில் அழுவாள், சமாதானம் சொன்னால் அடங்குவாளா, சீறுவாளா, ஜன்னலைத் திறக்கச் சொல்வாளா, மூடச் சொல்வாளா என்றெல்லாம் எழுதியிருக்கிறது. நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டிய விவரங்கள். அமெரிக்கரான கென்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்ட சொற்பொழிவுகளைப் படித்தால், அவர் வைத்தியசாலையில் உட்கார்ந்து எழுதினாரா, நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினாரா என்று சந்தேகம் வரும்.

இந்த வழியைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மனியின் ஹானிமன். அவருடைய 'ஆர்கனான்' 1810-ல் வந்தது. அதில் நோயாளியிடம் விவரம் கேட்பது எப்படி என்று 83-வது சூத்திரத்திலிருந்து இருபது சூத்திரங்களுக்கு மேல் எழுதுகிறார். அவற்றின் சாரம் இவ்வளவுதான்: நோயாளி பேசட்டும், வைத்தியன் குறுக்கிடக் கூடாது. அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் நோயாளி சோம்பலாலோ, வைத்தியரைத் திருப்திப்படுத்துவதற்காகவோ தலையை ஆட்டிவிடுவாள், வைத்தியம் பொய்யில் தொடங்கும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இருக்குமானால் தனியாக, பதமாகக் கேட்டறிய வேண்டும். பெண்களின் நீடித்த நோய்களில் மாதவிலக்கு, கர்ப்பம், கருச்சிதைவு, பிரசவம், பாலூட்டல், ஆசை, வெறுப்பு எதையும் விடக் கூடாது என்று 94-வது சூத்திரத்தில் தனியாகவே சொல்கிறார். பெண்ணின் உடம்பைப் பற்றிப் பெண்ணிடமே கேட்க வேண்டும் என்பது, ரத்தத்தை வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் வைத்தியம் பார்த்த அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

ஹானிமனின் சொந்த வாழ்க்கையிலும் இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1834-ல் பாரிஸிலிருந்து மெலானி என்ற ஓவியப் பெண் அவரிடம் வைத்தியத்துக்காகக் கோத்தன் நகரத்துக்கு வந்தாள். தனியாகப் பிரயாணம் செய்கிற பெண்ணுக்கு வழியில் என்ன நேருமோ என்று ஆண் உடையில் வந்தாள். அடுத்த ஜனவரியில் அவரை மணந்துகொண்டாள். அவருக்கு வயது 79, அவளுக்கு 34. பாரிஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தாள். 1843-ல் அவர் இறந்தபின் தானே தொடர்ந்து பார்த்தாள். 1847-ல் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததாக வழக்குப் போட்டு நூறு பிராங்க் அபராதம் விதித்தார்கள். வைத்தியனைப் பார்க்கப் போகும்போது ஆண் வேஷம். வைத்தியராக உட்கார்ந்தால் அபராதம். கதையாக எழுதினால் மிகையென்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இத்தனை நல்ல தொடக்கத்துக்குப் பின், ஹானிமனின் சீடர்கள் எழுதிச் சேர்த்த பாத்திர வரிசையைப் பார்க்கலாம். பல்சட்டில்லா என்கிற மருந்துக்குரியவள் சாது. எதற்கும் இணங்கிப்போவாள், பேசினால் கண் கலங்கும், தலையைத் தடவிக் கொடுத்தால் அடங்கும், தாகமில்லை, காற்றோட்டம் வேண்டும். இக்னேஷியாவுக்குரியவள் பெருமூச்சு விடுகிறவள். இழவோ காதல் தோல்வியோ அவளை அரிக்கிறது. நேட்ரம் மூர் - சாதாரண உப்புத்தான் - துக்கத்தை அடக்கிக்கொண்டு, யாராவது ஆறுதல் சொன்னால் இன்னும் நொந்துபோகிறவளுக்கு. லாக்கெஸிஸ் என்கிற பாம்பு விஷம், மாதவிலக்கு நிற்கிற வயதில் ஓயாமல் பேசிச் சந்தேகப்படுகிறவளுக்கு. பிளாட்டினா கர்வக்காரிக்கு. செப்பியா, கணவாய் மீனின் மையிலிருந்து எடுப்பது, புருஷன் மேலும் குழந்தைகள் மேலும் பற்று விட்டுப்போய் ஓய்ந்தவளுக்கு.

எல்லாம் உயிருள்ள சித்திரங்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பெண்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆண் நிற்கிறான். அவன் நக்ஸ் வாமிகா, அதாவது நம்மூர் எட்டி. அவனும் நல்லவன் இல்லை. சிடுசிடுப்பான், கத்துவான், வயிறு சரியில்லை. ஆனால் அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பதற்குப் புத்தகத்தில் காரணம் எழுதியிருக்கிறது. அவனுக்கு ஆபீஸில் வேலை அதிகம். வியாபாரக் கவலை. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறான், இரவு கண்விழிக்கிறான், காப்பியும் மதுவும் குடிக்கிறான்.

இங்கேதான் என் ஆட்சேபம். ஆணின் கோபத்துக்குப் புத்தகம் ஓர் உத்தியோகத்தைக் கொடுத்தது. பெண்ணின் கண்ணீருக்கு ஒரு சுபாவத்தைக் கொடுத்தது. அவன் வேலையால் கெட்டான். அவள் பிறவியிலேயே அப்படி. விதிவிலக்கு உண்டு. செப்பியாவைத் துணி வெளுக்கிற பெண்களின் மருந்து என்று சில நூல்கள் சொல்கின்றன. அந்த ஒரு வரியில் ஒரு பெண் நாளெல்லாம் ஈரத்தில் நின்று வேலை செய்கிறாள். மற்ற இடங்களில் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஏதோ ஒரு குணமாக இருக்கிறாள். பாத்திரத்தைப் பிழைப்பிலிருந்து பிரித்துக் குணமாக மட்டும் எழுதுவது, தொடர்கதைக்காரர்களான எங்களுக்கும் பழக்கமான பாவந்தான். சாதுவான கதாநாயகி, வாயாடி அத்தை, கர்வக்காரப் பணக்காரப் பெண் என்று எத்தனை பேரை வாரா வாரம் நடமாடவிட்டிருக்கிறோம்! கதையில் அது வாசகருக்கு அலுப்பைத் தரும். வைத்தியத்தில் அது நோயின் காரணத்தை மறைத்துவிடும்.

எப்படி மறைக்கும் என்று பார்க்க, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகலாம். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்து, 2014-ல் மூடிவிட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் - நிஸ்ஸான். பிறகு சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டுகிற பாக்ஸ்கான். உடையவர் ராமானுஜர் அவதரித்த ஊருக்குச் சேவிக்கப் போகிறவர்கள் இன்று கம்பெனி பஸ்களின் வரிசைக்குப் பின்னால்தான் போக வேண்டும். அந்த பஸ்களில் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு தூங்கிக்கொண்டே போகிறார்கள்.

இவர்களில் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு ஹோமியோபதி டாக்டரிடம் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான் கற்பனை செய்கிறேன். ஆனால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்யவில்லை.

"என்னம்மா பண்ணுது?"

"தலைவலிங்க சார்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா இருக்குதுங்க."

"வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்."

டாக்டர் நல்லவர், பழைய முறைப்படி படித்தவர். புத்தகம் சொல்லிக்கொடுத்தபடி, "காலையில அதிகமா, சாயந்திரம் அதிகமா?" என்று கேட்கிறார். ஹோமியோபதியில் இது முக்கியமான கேள்வி. சாயங்காலம் 4 மணிமுதல் 8 மணிவரை அதிகரித்தால் லைக்கோபோடியம்; காலை 10 மணிக்கு என்றால் நேட்ரம் மூர். அவள் விழிக்கிறாள். ஷிப்ட் மாறி மாறி வருகிறவளுக்கு எது காலை? போன வாரத்து நடுராத்திரி இந்த வாரத்துப் பட்டப்பகல். "மாறி மாறி வருதுங்க" என்கிறாள். மாறி மாறி வருவதும் பல்சட்டில்லாவின் குறிதான். "காத்தாட இருந்தா தேவலையா?" ஆமாம் என்கிறாள். மூடிய ஹாலில், குளிர்சாதனக் காற்றில், மணிக்கணக்காக நிற்கிறவளுக்கு வெளிக்காற்று தேவலை என்று இருக்காதா? "தண்ணி தாகம் எடுக்குமா?" இல்லை என்கிறாள். லைனை விட்டுப் போய்விட்டு வருவது சிரமம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவளுக்குத் தாகம் மறந்துபோயிருக்கும். பேசும்போது கண் கலங்குகிறது. டாக்டர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். சந்தேகமே இல்லை: பல்சட்டில்லா!

அகராதிக்குப் பொருத்தமாக நான்கு குறிகள் கிடைத்துவிட்டன. ஆனால் நான்கும் அவளுடைய குணம் இல்லை, அவளுடைய வேலை. அவள் இடத்தில் மேஸ்திரியை நிறுத்தினால் அவரும் மூன்று மாதத்தில் பல்சட்டில்லா ஆகிவிடுவார்.

அவள் சொல்லாதது ஒன்றும் உண்டு. கூட வந்த சிநேகிதி அங்கே இருந்தால், "டேட் தள்ளிப்போகுதுன்னு சொல்லுடி" என்று இடித்திருப்பாள். நம் பாஷையில் இந்த விஷயத்துக்கு வார்த்தைகள் குறைவில்லை. எல்லாம் சுற்றி வளைக்கிற வார்த்தைகள். வீட்டுக்குத் தூரம், விலக்கு, தலைக்குக் குளித்தாள், முழுகாமல் இருக்கிறாள். பாட்டிகளுக்கு இவை போதும், ஏனென்றால் கேட்டவளும் பாட்டி. இந்தப் பெண்கள் 'டேட்' என்றும் 'பீரியட்ஸ்' என்றும் சொல்கிறார்கள். டாக்டர் படித்ததோ 'மென்ஸஸ்'. மூன்று பாஷைக்கும் நடுவே தலைவலி ஒன்றுதான் தைரியமாக வெளியே வருகிறது. 'அவள் வார்த்தையிலேயே எழுது' என்று ஹானிமன் சொன்னதை மதிக்கிற வைத்தியர் முதலில் அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். ரெபர்ட்டரி என்கிற குறி அகராதியில் ஆயிரக்கணக்கான குறிகள் உண்டு. 'டேட் தள்ளிப்போகுதுங்க' என்பதை இங்கிலீஷில் திருப்பி அதில் தேடுகிற அவசரத்தில், அதைச் சொன்ன குரல் தொலைந்துவிடும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. நம் டாக்டர்கள் எல்லா முறையிலும் கேட்பது: "கல்யாணம் ஆச்சாம்மா?" அவர்கள் கேட்க நினைப்பது வேறு, சங்கோஜத்தினால் இப்படிக் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கு அந்தக் கேள்வி அதோடு நின்றுவிடும், அவள் மனசில் எது இருந்தாலும். ஆனால் இந்தப் பிரதேசத்தில் இந்தக் கேள்விக்கு வேறொரு கனமும் ஏறியிருக்கிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது: ஐபோன் பூட்டுகிற வேலைக்குக் கல்யாணமான பெண்களை பாக்ஸ்கான் ஒதுக்குகிறது, தாலி மெட்டி என்று காரணமும் சொல்கிறார்கள் என்று. நிறுவனம் பாரபட்சம் இல்லையென்று மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். 'ஆச்சு' என்று சொன்னால் வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் ஓர் ஊரில் பரவியபின், அதே கேள்வியை வைத்தியர் கேட்டால் வைத்தியருக்கான பதில் வராது. கம்பெனிக்கான பதில்தான் வரும். 'ஆமாம், இல்லை' என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்காதே என்ற சூத்திரத்தின் அருமை இங்கே தெரிகிறது.

பேசாமல் இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: சொல்லாமல் கொடுப்பது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஏறக்குறைய நூறு பேரைக் கண்டு எழுதியது. மாதவிலக்கு வலி என்றால் வேலையிடத்திலேயே ஒரு மாத்திரை தருவார்கள். உறை இல்லை, பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. கொடுப்பவர் டாக்டரும் இல்லை. வலி நின்றால் வேலை நடக்கும். அது ஒரகடம் இல்லை, அங்கே கொடுத்தது ஹோமியோபதியும் இல்லை. ஆனாலும் பெயரில்லாமல் கொடுக்கிற பழக்கம் ஹோமியோபதியிலும் வேரோடியிருக்கிறது. பொட்டலத்தில் உருண்டையை மடித்துக் கொடுத்து, 'காலையில் நாலு, ராத்திரி நாலு' என்பதோடு நிறுத்திக்கொள்கிற டாக்டர்கள் அநேகம். ஒரு மணி நேரம் அவளுடைய கனவைக்கூடக் கேட்டவர், தான் கொடுப்பது என்னவென்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்பது பாதி, சொல்வது மறு பாதி. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயாளியை முதலில் வைத்தார். நாமோ அவளைக் கேள்விக்குப் பதில் சொல்கிற சாட்சியாக மட்டும் வைத்திருக்கிறோம்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நெடுஞ்சாலையே சாட்சி. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள். 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்கு நம்பும்படி யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று செல்போன் வழியே வதந்தி பரவிற்று. 17, 18 தேதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலையை மூடி, 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தார்கள். ரகசியமாக வைத்துக்கொள் என்று குரு சொன்னதைக் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில், சிநேகிதி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளவே சாலையை மறிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் பல்சட்டில்லா எத்தனை பேர், செப்பியா எத்தனை பேர் என்று எந்த மெட்டீரியா மெடிகாவும் பிரித்துச் சொல்ல முடியாது. இணங்கிப்போகிற சுபாவம் என்று பெயர் வாங்கியவர்கள் ராத்திரி முழுவதும் பனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி, மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வி. ஒன்றுக்கு நூறாகக் கரைத்து, அதைத் திரும்ப நூறாகக் கரைத்துப் பன்னிரண்டு தடவை போனால், மூலப் பொருளின் ஒரு மூலக்கூறும் எஞ்சாது என்று ரசாயனம் சொல்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது முப்பது தடவை கரைத்தது. 2005-ல் 'லான்செட்' பத்திரிகையில் 110 ஹோமியோபதிச் சோதனைகளை அலசிய ஆய்வு, பலன் வெறும் நம்பிக்கை மருந்தின் பலன்தான் என்ற முடிவுக்குப் பொருந்துகிறது என்றது. 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று அறிவித்தது. இதை மறைத்துவிட்டு ஹோமியோபதியைப் புகழ்ந்தால் வாசகருக்குத் துரோகம். அதிலும் இந்தப் பெண்களுக்கு ஆபத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இரும்புச் சத்து இல்லாதவளுக்கு இரும்பையே இல்லாமல் கரைத்துக் கொடுப்பது எந்த நியாயம்? ரத்தப் பரிசோதனையும் இரும்பு மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தள்ளிப்போகிற 'டேட்'டுக்குக் காரணம் கர்ப்பமா, தைராய்டா, சினைப்பைக் கட்டியா, ராத்திரி ஷிப்டா என்று பார்க்காமல் கழிகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டந்தான்.

ஆனால் இன்னோர் ஆராய்ச்சியும் இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் சுவாரசியமானது. இங்கிலாந்தின் சௌதாம்டனில் மூட்டுவாத நோயாளிகள் 83 பேரை வைத்துச் செய்து, 2011-ல் வெளியிட்டார்கள். ஹோமியோபதி டாக்டரோடு பேச்சு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பேச்சும் சேர்ந்தபோது நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை இருந்தது, உருண்டையால் இல்லை. இருநூறு வருஷமாக இந்த வைத்தியத்தில் உயிரோடு இருந்தது எது என்பதற்கு இதைவிட நல்ல விமரிசனம் நான் படித்ததில்லை. ஹானிமன் மருந்தைக் கண்டுபிடித்ததாக நினைத்தார், கண்டுபிடித்தது நாற்காலியை. எதிரில் உட்கார வைத்து ஒருத்தியை ஒரு மணி நேரம் பேசவிடுகிற நாற்காலி. இரண்டு நிமிஷத்தில் சீட்டெழுதி அனுப்புகிற ஆங்கில வைத்திய டாக்டர்கள், உருண்டையைப் பார்த்துச் சிரிக்கும்போதே அந்த நாற்காலியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

நாற்காலியை வாங்குகிறவர் ஆர்கனானிலிருந்து இன்னொரு பக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். 77-வது சூத்திரம். அதில் ஹானிமன், சில நோய்களை நாட்பட்ட நோய் என்று சொல்வதே தவறு என்கிறார். நெருக்கமான, காற்றில்லாத இருப்பிடத்தில் வாழ்வது, உடம்பையும் மனசையும் அளவுக்கு மீறி உழைப்பில் வாட்டுவது, ஓயாத கவலையில் இருப்பது - இவற்றால் வருகிற நோய்கள் வாழ்க்கை திருந்தினால் பெரும்பாலும் தாமே நீங்கிவிடும் என்கிறார். ஐந்தாவது சூத்திரத்திலேயே தொழிலையும் வாழ்க்கை முறையையும் குடும்ப உறவுகளையும் விசாரி என்று சொன்னவர் அவர். சீடர்கள் இந்த இரண்டையும் வேகமாகத் தாண்டிவிட்டார்கள். குணசித்திரம் எழுதுகிற ருசி அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் 77-வது சூத்திரத்துக்கு மருந்தெழுத முடியுமா என்று கேட்டால், ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. 2021-ல் சாலைக்கு வந்த பெண்கள் ஒரே அறையில் பலராகத் தரையில் படுத்ததைச் சொன்னார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியைக் கட்டித் திறந்தது. எத்தனை தலைவலிகள் அதனால் குறைந்தன என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது. கணக்கெடுக்கிறவர் அந்தப் பெண்களையே உட்காரவைத்து, குறுக்கிடாமல், அவர்கள் பாஷையில் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். காலையா சாயங்காலமா என்று கேட்பதற்கு முன்னால், இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்க வேண்டும்.